பனி முதலில் ஏறும் விளிம்பு

சோளக்காட்டுச் சந்தையில் இன்று ஒருவர் சாக்கின் வாயை அவிழ்த்ததும், பாதி காய்ந்த மிளகின் அந்தப் பச்சைக் காரநெடி, இதே மலையில் குண்டூர் நாடு என்னும் பகுதியில் எங்கள் ஊருக்கு மேலே கிடந்த பெரிய பாறைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. ரோட்டை அகலப்படுத்தியபோது வெடிவைத்து எடுத்துவிட்ட பாறை. ஊரே மிளகு காயவைத்த இடம் அது. பெண்கள் வெறுங்காலால் தள்ளித் தள்ளிக் கிளறும் சரசரப்பும், வெயிலேறிய கல்லின் சூடும் இன்னும் என் உள்ளங்காலில் இருக்கின்றன.

எல்லோரும் வெயில் நின்று காயும் நடுப்பாறையில் பரப்ப, அம்மா மட்டும் பனி முதலில் ஏறும் விளிம்பில், கீழே கொண்டையூசி வளைவுகளில் பஸ் ஊர்ந்து வருவது தெரியும் இடமாகப் பார்த்துப் பரப்புவாள். கட்டட வேலைக்கென்று மலையிறங்கிய அப்பா அந்த பஸ்கள் எதிலும் வரவில்லை.

"ஏனுங்க்கா, இங்க போட்டா மொளகு பூசணம் புடிக்காதுங்களா?" என்பாள் பக்கத்து ஊட்டுக்காரி. அம்மா சிரித்து வைப்பாள். பிற்பகலில் பனி எழுந்து ரோட்டை வளைவு வளைவாக விழுங்கும்போது என்னிடம் மட்டும் சொல்வாள்: "நாம பாத்துட்டே இருக்கறது அதுக்குப் பொறுக்கல கண்ணு. அதான் மூடுது."

இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் எண்ணத்தை ஏற்றிச் சொல்வது தற்குறிப்பேற்ற அணி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தேன். இப்போது தமிழாசிரியையாக வருடந்தோறும் அதையே கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். கை நிறைய மிளகை அள்ளி முகர்ந்துகொண்டு நின்றபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

பனி எல்லா நாளும் வரும் நேரத்துக்குத்தான் வந்திருக்கிறது. பொறுக்காமல் இருந்தவள் அம்மா.