ஊர் நம்பர்க்காரர்

பிரிக்பீல்ட்ஸில் நான் போன் கடை வைத்திருந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெட்டுக்கு இங்கத்த சிம் போடுங்கய்யா. ஊர் நம்பர் உயிரோட இருக்கணும். கோவிச்சுட்டுப் போன எம்பொண்ணுக்கு அது ஒண்ணுதான் மனப்பாடம்.”

“ரெண்டும் ஓடும்லா” என்றேன்.

ஊர் சிம்மில் டேட்டாவை மட்டும் நிறுத்தியிருக்க வேண்டும். அவசரத்தில் சிம்மையே அணைத்துவிட்டேன். பத்து நாள் கழித்து வந்தார்.

“ஊர் சிம்முல சிக்னலே இல்லையேய்யா. இதுக்குள்ள கூப்பிட்டிருப்பாளா?”

அதை அறிய வழியில்லை. அணைந்திருந்த சிம்மைத் திறந்துவிட்டு, என் தவறை மறைத்து, “கூப்பிட்டிருக்காது” என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “அப்ப இன்னும் கோவந்தான்” என்றார்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.