நகம் கேட்ட டாக்டரம்மா

அலோர் காஜாவிலிருந்து சிம்பாங் அம்பாட் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருந்தது எங்கள் தோட்டம். அதன் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாகச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆறு கட்டில், ஒரு மருந்தறை, பின்கட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். டிரசர் ஐயா மருந்து கொடுப்பார். கட்டுத்துணி அவிப்பது, தரை துடைப்பது, மலச்சட்டி கழுவுவது எல்லாம் என் பாடு. லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்து, "ஒனக்கென்னடி, நெழல்ல வேல" என்பார்கள். நிழலில் என்னென்ன நாறும் என்று அவர்களுக்குத் தெரியாது.

அது மலாயாவின் அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம், அதனால் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக முடியாது. வெறும் கோப்பியைக் குடித்துவிட்டுப் போனால் மதியம் வேலிக்குள் திரும்பிய பிறகுதான் சாப்பாடு. அந்தச் சட்டத்தைத் திட்டாத வாயே எங்கள் தோட்டத்தில் கிடையாது.

பக்கத்து வீட்டு அக்கா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு, ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்டிக் கிடக்கும் லாலான் புல்லுக்கு விஷ மருந்து அடிக்கிற வேலை. கூட்டத்தில் பன்னிரண்டு பேர். பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனையும். கையுறை என்ற ஒன்றை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. என் அண்ணன் வீட்டில் எனக்கும் அண்ணிக்கும் சண்டை மூளும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட்டவள் இந்த அக்காதான். என் வாய்க்கு வாரம் இரண்டு சண்டையாவது வரும்.

அந்த வருடம் அக்காவின் உள்ளங்கையில் தோல் தடித்து, சின்னச் சின்ன முண்டாக எழும்பியது. கழுத்திலும் மார்பிலும் கருப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். பாதம் மரத்துப்போய், அடுப்பிலிருந்து விழுந்த கங்கை மிதித்ததுகூடத் தெரியாமல் நின்றிருக்கிறாள். வெகுநாள் கையை முந்தானைக்குள் மறைத்தே வைத்திருந்தாள். நான்தான் இழுத்துக்கொண்டுபோய் டிரசர் ஐயாவிடம் காட்டினேன். அவர் குண்டூசியால் பாதத்தில் குத்தினார். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரு வியாதியா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கும்மா," என்றார் அவர், மெதுவாக. "மாசக் கடைசியில சர்க்கார் வண்டி வரும். முகாமுக்கு அனுப்பி வச்சா அங்க பாத்துக்குவாங்க."

குஷ்டரோகிகளை ஒதுக்கி வைக்கும் அந்த முகாமுக்குப் போனவர்கள் எத்தனை வருடம் கழித்துத் திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அக்காவின் புருஷன் தூரத்துத் தோட்டமொன்றில் வேலை பார்த்தான்; வீட்டில் அவளோடு இருந்தது ஆறு வயது மகள் மட்டும்தான். அக்கா அழவில்லை. அன்றைக்கே தனக்கென்று ஒரு மங்குக் கோப்பையை ஒதுக்கி வைத்தாள். மகளைப் பக்கத்தில் படுக்க விடவில்லை. எனக்குச் சோறு போடுவதையும் நிறுத்திவிட்டாள். நான் வாசலில் நின்று கத்தியும் கதவைத் திறக்கவில்லை. என்னிடம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந் துணிய எம் பொண்ணு துணியோட சேக்கப் பயமா இருக்குடி. ஆஸ்பத்திரியில தனியா அலசித் தரியா?"

இதற்குக்கூடவா கெஞ்ச வேண்டும்? தினமும் சாயங்காலம் அவள் மருந்தடித்துவிட்டு வந்த ஈரத் துணியை வாங்கிப்போய், பின்கட்டுத் தொட்டியில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்து கொடுத்தேன். அவளுக்காக ஏதோ செய்கிறேன் என்ற நினைப்பில் எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தச் சமயத்தில்தான் மலாக்காவிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வைத்தியம் பார்க்க வரவில்லை. மருந்தடிக்கிறவர்களின் உடம்புக்கு என்ன ஆகிறது என்று தோட்டம் தோட்டமாகப் போய் ஆராய்ந்துகொண்டிருந்தார். முன்னால் ஒரு போலீஸ் வண்டி வரும். ஊரடங்குக்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதால் எப்போதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். தமிழ்ப் பெண்தான், டவுன் தமிழ். அக்காவின் கையைத் தன் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படித் தொட்டதற்கே அக்கா கூசிப்போனாள்.

"வெத்தல போடுவீங்களா?"

"போடுவேம்மா. வெறும் வயித்துல வேற என்ன செய்யறது?"

"மருந்தடிக்கிறப்பவே, அதே கையால?"

அக்கா தலையாட்டினாள். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். இது பெரு வியாதியாகவும் இருக்கலாம், புல் மருந்தில் இருக்கும் பாஷாணம் உடம்பில் ஏறியதாகவும் இருக்கலாம், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும் என்றார். பாஷாணம் நகத்திலும் முடியிலும் போய்த் தங்குமாம். வெளியே சோறு கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் இல்லாமல் இருந்தால், அதே கையால் சோற்றையும் பிசைந்து தின்று இவர்கள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்றும் சொன்னார். நாங்கள் திட்டித் தீர்த்த சட்டம் எங்களுக்கே தெரியாமல் ஒரு நல்லதும் செய்திருக்கிறது.

"அடுத்த வாரம் வரேன். பன்னெண்டு பேரோட நகமும் வேணும். நீயே வாங்கி வை," என்று காகித உறைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு முடித்தவள் என்ற திமிர் எனக்கு. ஒவ்வோர் உறையிலும் பெயர், அப்பா பெயர், வீட்டு எண் என்று முத்து முத்தாக எழுதினேன். வீடு வீடாகப் போய், "நகத்த வெட்டி இதுல போட்டு வையுங்க, டாக்டரம்மா கேட்டாங்க," என்று கொடுத்துவிட்டு வந்தேன். பாஷாணம், ஆராய்ச்சி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் இவர்களுக்குப் புரியவா போகிறது என்ற எண்ணம்.

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டு பேரும் நகத்தை ஒட்ட வெட்டி, உறையோடு சேர்த்து அடுப்பில் போட்டிருந்தார்கள். யார் முகத்தை எப்படித் திருப்பினாலும் எனக்கு அக்காவின் பதில்தான் வேண்டியிருந்தது. கதவை உதைத்தேன்.

"நீயுமா எரிச்ச?"

"பேரு, அப்பன் பேரு எல்லாம் எழுதி நகத்தக் கேட்டா யாருடி குடுப்பா?" உள்ளேயிருந்தே கத்தினாள். "செய்வினைக்கு அதுல என்ன கொறச்சல்? எலுமிச்சம்பழம் ஒன்னுதான் பாக்கி! ஏற்கெனவே எவனோ எனக்குச் செஞ்சு வச்சுத்தான் இப்படிக் கெடக்கேன்."

நானும் அதே லயத்தில் பிறந்தவள்தான். சீப்பில் சிக்கிய முடியைக்கூடக் கண்ட இடத்தில் போடாமல் சுருட்டி அடுப்பில் போடுகிறவள்தான். பேனாவைக் கையில் பிடித்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

டாக்டரம்மா வந்து, வரிசையாக நீட்டிய கைகளைப் பார்த்தார். அவ்வளவு சுத்தமான நகங்களை எங்கள் தோட்டம் அதற்கு முன் பார்த்திருக்காது.

நான் நடந்ததைச் சொன்னேன். "பேர எழுதினியா?" என்று என்னைக் கேட்டார். "நம்பர் போட்டிருந்தா போதுமே."

நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நகம் வளரப் பல வாரம் ஆகும், வண்டியோ மாதக் கடைசியில் வந்துவிடும். இனி முடிதான். அதுவும் வேரோடு ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். இந்த முறை நான் உட்கார்ந்து விவரமாகச் சொன்னேன். மற்ற பதினொரு பேரும் கேட்டுவிட்டு மெல்ல நழுவினார்கள். அக்கா மட்டும் நின்றாள், ஆனால் கொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தாலி கழுத்துல இருக்கறப்ப முடியில கத்திரி வைக்கிறதா? வேணாம்மா."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"மயிரு பெருசா, மக பெருசா? வண்டியில ஏறிப் போறப்ப அந்தக் கொண்டைய அவகிட்டக் குடுத்துட்டா போவ?"

சொன்ன பிறகுதான் மகள் கதவோரம் நிற்பதைப் பார்த்தேன். அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். அறையப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"நீ குடுப்பியா?" என்றாள்.

நான் அப்போதே பின்னலை அவிழ்த்தேன். "நல்லதாப் போச்சு," என்றார் டாக்டரம்மா. "மருந்தடிக்காத ஆளோட முடியும் ஒன்னு வேணும், ஒப்பிட்டுப் பாக்க." பிடரிக்கு மேலே, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து, பென்சில் கனத்துக்கு வெட்டி நூலால் கட்டினார். அக்காவுக்கு ஒன்றாம் நம்பர், எனக்கு இரண்டாம் நம்பர். போகும்போது கேட்டில் பையைச் சோதித்த காவல்காரன் உறையைப் பிரித்துவிட்டு, பாம்பைத் தொட்டவன் போல் கீழே போட்டானாம். அவனும் நம்ம ஊர் ஆள்தான்.

மாதக் கடைசியில் வண்டி வந்தது. டிரசர் ஐயா அக்காவின் பெயரைக் கொடுக்கவில்லை. "பதில் வரட்டும்," என்று மட்டும் சொன்னார். பயந்த மனிதர், தோட்டத்துத் துரைக்கு முன்னால் குரலே எழும்பாது. அன்று அவர் செய்த காரியத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன். அடுத்த வண்டிக்கு முன் பதில் வர வேண்டுமே என்று நான் வேண்டாத சாமியில்லை.

வந்தது. டாக்டரம்மாவே நேரில் வந்து, அக்காவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்காரவைத்துச் சொன்னார்.

"பெரு வியாதி இல்ல. புல் மருந்து ஏறியிருக்கு. நெறையவே. மருந்தடிக்கிறத விட்டா மெல்ல மெல்லக் கொறையும், கால் மரப்பு முழுசாப் போகும்னு சொல்ல முடியாது. தொரைகிட்டப் பேசிட்டேன், நாளையிலேர்ந்து ஒங்களுக்குச் சருகு கூட்டுற வேல."

அக்கா முதலில் மகளைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தப் பிள்ளையின் கன்னத்தோடு கன்னத்தை வைத்து அழுத்தினாள். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த நாள்கள் குறைவு.

"அப்ப எம் பம்பு?" என்றாள் அக்கா.

"வேற ஆளுக்குக் குடுப்பாங்க."

"யாருக்கு?"

டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை. அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ எப்பவாவது பம்பு தூக்கியிருக்கியா?"

"இல்லம்மா."

"ரெண்டாம் நம்பர்லயும் இருக்கு. அவ்வளவு இல்ல, ஆனா இருக்கு. அந்த மருந்து ஒன் கையில எப்படிப் பட்டுச்சு?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அக்கா யோசிக்கவில்லை. மகளை இறக்கிவிட்டு வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பெரு வியாதி என்று சொன்ன அன்றுகூட அழாதவள்.

"அந்தத் துணியில நாந்தான்டி ஒனக்குக் குடுத்தேன். எம் புள்ளையக் காப்பாத்திட்டு ஒனக்குக் குடுத்துட்டேன்."

"கிறுக்கு மாதிரிப் பேசாதக்கா," என்று திட்டினேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதனால் சத்தமாகவே திட்டினேன். "எனக்கு நீ குடுத்த. ஒனக்கு யாரு குடுத்தா?"

அக்கா அழுகையை நிறுத்தி நிமிர்ந்தாள். இரண்டு பேரும் டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஊரடங்குக்கு முன் அவர் மலாக்கா போய்ச் சேர வேண்டும்.