அவர் பேரில் வைத்த தண்ணீர்

கோர்ட்டிலிருந்து வந்த தாளை என் மகள் இரண்டு தடவை படித்தாள். வீட்டிலும் பர்மிய மொழியே பேசுகிறவள், அன்றைக்கும் அதில்தான் சொன்னாள்: "நம்ம வாசல்ல கடை இருக்காம் அம்மா. அந்த இடத்துக்கு வரி கட்டலைன்னு கேஸ் போட்டிருக்காங்க."

"கடையா? எந்தக் கடைடீ?"

வாசலில் இருப்பது தண்ணீர்ப் பானை. யாங்கோனில் எத்தனையோ வாசலில் இருப்பதுதான். தெருவில் போகிறவர்களுக்கு ஒரு பானை, ஒரு குவளை, புண்ணியத்துக்கு. என் வீட்டுக்காரர் காலமான வருஷம் அவர் பேரில் நானும் வைத்தேன். நமக்குத்தான் கை சும்மா இருக்காதே! வெயில் காலத்தில் நீர்மோர், வெள்ளிக்கிழமை பானகம், மேலே தகரக் கூரை, உட்கார பிளாஸ்டிக் முக்காலி என்று சேர்த்துச் சேர்த்து அசல் டீக்கடை மாதிரியே ஆக்கிவிட்டேன். வரி ஆபீஸ்காரர் ஒருவர் எப்போதோ அந்தப் பக்கம் போனபோது, ஆட்கள் உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்துக் கடை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

மகளுக்கு ஊர்க்கோடியில், மிங்கலாடோனில் வேலை. லீவு கிடைப்பதே கஷ்டம். "பெரிய தொகை இல்லம்மா. கட்டிட்டு, கடையை மூடிட்டோம்னு கையெழுத்துப் போட்டா தொல்லை விட்டுது" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "மூடிட்டேன்னு எழுதினா, இத்தனை நாளும் நடத்தினேன்னுதானே அர்த்தம்? உங்கப்பா பேர்ல வச்ச தண்ணியை வித்தேன்னு எழுதித் தரவா? செத்தாலும் மாட்டேன்."

கோர்ட்டிலும் அதையேதான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. மகள் பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தாள். நீதிபதி அம்மா பொறுமையாகக் கேட்டார். நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று வரி ஆபீஸுக்குச் சொல்லி, கேஸைத் தள்ளி வைத்தார்.

அடுத்த வாரம் உச்சி வெயிலில், கடை என்று எழுதின அதே வரி ஆபீஸ்காரர் வந்தார். நான் வேண்டுமென்றே வெளியே போகாமல் ஜன்னலில் நின்று பார்த்தேன். வேர்த்து விறுவிறுத்து முக்காலியில் உட்கார்ந்தார். மோரை மொண்டு ஒரு குவளை குடித்தார், இன்னொன்றும் குடித்தார். அப்புறம் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு நோட்டை எடுத்துக் குவளைக்கு அடியில் வைத்தாரே பார்க்கணும்!

ஓடினேன். "எடுங்க தம்பி அதை! இதை நான் தொட்டா, நீங்க எழுதினது நிஜமாயிரும்."

மனுஷனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "காசே வாங்க மாட்டீங்களா அம்மா?"

"வாங்கினா அவர் கனவுல வந்து வைவார்" என்று கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டினேன். வந்தவர் வாசலில் நின்றபடியே படத்தைப் பார்த்தார். நோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது மூன்றாவது குவளையும் குடித்தார். பாவம், நல்ல வெயில்.

கேஸை வாபஸ் வாங்கிவிட்டதாகத் தாள் வந்த அன்று, மகள் அதை மனசுக்குள் படித்தாள். பிறகு என்னைப் பார்த்து, தட்டுத் தடுமாறி, தமிழிலேயே சொன்னாள்:

"அம்மா, கடை இல்லையாம். அப்பா தண்ணியாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். மறுநாள் காலையில் நான் எழுந்து போய்ப் பார்த்தால் பானை தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. அவள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள்.