தூங்கி எழுந்ததும் வருவேன் என்றவள்

ஸ்மரந்தாவிடம் இலிங்கா வந்தபோது ஸ்மரந்தாவுக்கு வயது நாற்பத்தாறு. கைவிடப்பட்ட குழந்தைகளைச் சொந்த வீட்டில் வைத்து வளர்ப்பதற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது. கணவன் இறந்த பிறகு தையல் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவள் இதற்கு எழுதிப் போட்டிருந்தாள். ப்ரூத் ஆற்றங்கரையில் எங்கள் ஊர். நான் அவளுக்குப் பக்கத்து வீடு, ஊர் மழலையர் பள்ளியில் ஆசிரியை.

இலிங்காவுக்கு அப்போது இரண்டு வயது. பிறந்ததிலிருந்து மருத்துவமனையிலும் காப்பகத்திலும் கிடந்த பிள்ளை. விழுந்தால் அழமாட்டாள். முழங்காலில் ரத்தம் வழிந்தாலும் தானே எழுந்து நடப்பாள். யார் தூக்கினாலும் போவாள், இறக்கிவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள். தெருவில் எல்லோரும் சமர்த்து என்று மெச்சினார்கள். ஸ்மரந்தா அப்படி நினைக்கவில்லை. அழுதால் ஆள் வரும் என்பதையே அறியாத பிள்ளை இது என்று என்னிடம் சொன்னாள்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. கோழிக்குத் தீனி போடப் போனாலும் குனிந்து, முகத்தைப் பார்த்து, சொல்லிவிட்டுத்தான் போவாள். சொன்னபடி திரும்பி வந்து நிற்பாள். இலிங்கா சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டால், "கோவமா? இருந்துக்கோ. நான் இங்கதான் இருக்கேன்" என்று பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். சில நாள் ஒரு மணி நேரம் அப்படியே போகும். அடுப்பில் களி தீய்ந்த நாட்களும் உண்டு.

எட்டு மாதம் கழித்து, வேலிக்கதவில் இலிங்காவின் விரல் நசுங்கியது. ஸ்மரந்தா அவளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

"தொய்னா, அழுதுட்டாடி. என்னைப் பாத்ததும் அழுதா."

பிறகு இலிங்கா நிறைய அழுதாள், நிறையச் சிரித்தாள். ஸ்மரந்தாவை மரா என்று கூப்பிட்டாள். நாலு வயதில் என் பள்ளிக்கு வந்தாள். தினமும் வாசலில் ஸ்மரந்தா ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்: "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்." பிள்ளைகள் மதியத் தூக்கம் கலைந்து எழும்போது அவள் இலிங்காவின் கம்பளிக் குல்லாவோடு வாசலில் நிற்பாள். ஒரு நாளும் தவறியதில்லை.

அந்த வருடம் யாஷ் நகரத்திலிருந்து ஒரு தம்பதி இலிங்காவைத் தத்தெடுக்க முன்வந்தார்கள். செய்தியைக் கொண்டுவந்தவள் ஒட்டிலியா. குழந்தைகள் அலுவலகத்தில் அவள்தான் இலிங்காவின் பொறுப்பாளர், ஸ்மரந்தாவோடு ஒரே பெஞ்சில் படித்தவளும்கூட. ஸ்மரந்தா மறுக்கவில்லை. பிள்ளைக்கு அம்மா அப்பா வேண்டும் என்றாள். ஒன்றே ஒன்று கேட்டாள். அவர்கள் முதலில் வந்து பழகட்டும், இலிங்கா அங்கே போய் இருந்துவிட்டு வரட்டும், கடைசி நாள் தானே கூடப் போய் விட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஒட்டிலியா அவள் கையைப் பிடித்துச் சம்மதித்தாள். ஆறு வாரம் என்று பேச்சு.

இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏதோ கையெழுத்துக்கு என்று ஸ்மரந்தாவை மாவட்டத் தலைநகருக்கு வரச் சொன்னார்கள். அன்று பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒட்டிலியா பள்ளிக்கு வந்தாள். வெளியே காரில் அந்தத் தம்பதி. ஸ்மரந்தாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். நேர்ல அனுப்ப மனசு தாங்காதுன்னு அவளே கிளம்பிப் போயிட்டா" என்றாள்.

நம்பிவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை எழுப்பி செருப்பு மாட்டினேன். மரா எங்கே என்று கேட்டாள்.

"நீ போ கண்ணு. மரா பின்னாடியே வருவா."

இதைச் சொன்னது நான்தான். அவள் காரில் ஏறினாள். அழவில்லை.

சிறிது நேரத்தில் ஸ்மரந்தா குல்லாவோடு வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னேன். மறுநாள் அவள் ஒட்டிலியாவின் அலுவலகத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். இழுத்துக்கொண்டே போனால் இரண்டு பேருக்கும்தான் கஷ்டம், சட்டென்று பிய்த்துவிட்டால் குழந்தை மறந்துவிடும் என்று ஒட்டிலியா விளக்கிக்கொண்டிருந்தாள்.

"மறக்காது ஒட்டிலியா. நானும் விட்டுட்டுப் போனவதான்னு நினைச்சுக்கும்" என்றாள் ஸ்மரந்தா. அந்தத் தம்பதியின் விலாசத்தைக் கேட்டாள், ஒட்டிலியா தரவில்லை.

ஐந்து மாதம் கழித்து, தத்தெடுத்த வீட்டம்மா சபினாவே ஸ்மரந்தாவுக்கு ஃபோன் செய்தாள். பள்ளியில் கேட்டு எண்ணை வாங்கியிருந்தாள். பிள்ளை எது நடந்தாலும் அழுவதில்லை, கூப்பிட்டால் வருகிறாள், ஆனால் வீட்டில் இல்லாதவள் போல இருக்கிறாள் என்றாள். ஸ்மரந்தாவுக்கு இனி குழந்தையைப் பார்க்க விருப்பமில்லை என்று ஒட்டிலியா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். இலிங்கா நாற்காலிக்குப் பின்னாலிருந்து வரவில்லை. ஸ்மரந்தா தரையில் உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தூங்கி எழுந்ததும் வரேன்னு சொன்ன" என்றாள் இலிங்கா.

"ஆமா. சொன்னேன். அன்னைக்கு உன்கிட்ட வந்து சேரல. நீ தேடியிருப்ப."

"தேடினேன்."

ஒட்டிலியாவின் பெயரை ஸ்மரந்தா சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை. "நீ கோவப்படறது நியாயம்தான்" என்று மட்டும் சொன்னாள். இலிங்கா வெளியே வந்து அவள் தோளில் அடித்தாள், திரும்பத் திரும்ப அடித்தாள். அடித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். சபினா ஓடி வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்மரந்தா மெதுவாக நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு யாஷுக்குப் போய்வருகிறாள். போன வசந்தத்தில் ஒட்டிலியா வேறொரு குழந்தையின் கோப்போடு வந்தபோது வேலிக்கதவைத் திறக்காமலே, "குழந்தைய நம்பலாம். உங்களை நம்ப முடியல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பழையபடி தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள்.

என் மேல் வருத்தமில்லை என்கிறாள், பேசுகிறாள், பண்டிகைக்கு ரொட்டி கொடுத்தனுப்புகிறாள். ஆனால் யாஷுக்குப் போகும் ஞாயிறுகளில் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறாள். முன்பெல்லாம் அது என்னிடம்தான் இருக்கும்.