மெசேஜ் அனுப்பச் சொன்னவர்

போர் முடிந்த மறு வருடம் கல்முனையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். "புதுச் சாமான் வந்தா மெசேஜ் அனுப்பலாமா?" என்று வருகிற எல்லாரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். பலர் காதில் வாங்காமலே ஓம் என்பார்கள்.

நாவிதன்வெளியிலிருந்து வந்த ஒரு விவசாயி மட்டும் மறுத்தார். மெலிந்த மனிதர். எதைச் சொல்வதற்கு முன்பும் சால்வை நுனியால் கண்களைத் துடைத்துக்கொள்வார்.

"வேணாந் தம்பி. ஃபோன் மனிசிட கையிலதான் இரிக்கி. மகன் கடைசிச் சண்டையில காணாமப் போனவன். மெசேஜ் சத்தங் கேட்டா அவன்தானெண்டு வயலுக்கு ஓடி வாறா. அவவுக்கு வாசிக்கத் தெரியா. விளம்பரமெண்டு நான் சொல்லக்குள்ள அவட முகத்தப் பாக்க ஏலா."

அவருடைய எண்ணை நான் பதியவில்லை.

மாரி தொடங்கியபோது மறுபடி வந்தார்.

"தம்பி, இனி மெசேஜ் அனுப்புங்க."

"ஏன் ஐயா?"

"எல்லாக் கடையிலயும் நிப்பாட்டச் சொன்னன். இப்ப ஒண்டும் வாறதில்ல. மகன் மறந்திட்டானெண்டு அவ சோறு தின்னாம இரிக்கா."

"என்னண்டு எழுத?"

கண்களைத் துடைத்துக்கொண்டார். "விளம்பரமே போதும். வயலுக்கு ஓடி வாற அந்த நேரமாவது அவவுக்கு மகன் இரிப்பான்."

மறுநாள் அவர் வயலில் நிற்கும் நேரம் பார்த்து, அவர் தந்துவிட்டுப் போன எண்ணுக்கு, மூக்குக்கண்ணாடிகளுக்கு விலைக்கழிவு என்று எழுதி அனுப்பினேன். பிறகு, முகம் தெரியாத அந்தத் தாய் வரம்பில் ஓடுவதை நினைத்து, வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன்.