ஈரத்தின் மேல் எண்ணெய்

சிங்கப்பூரில் துவைத்த புடவை ஒரே நாளில் காய்ந்தால் அதிர்ஷ்டம். ஜாடியில் போட்ட உப்பு தானாகத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் என் அம்மாவின் தோல் மட்டும் வறண்டு, செதில் செதிலாக உரிந்து வெடித்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அது எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ஒன்றுதான். ராத்திரி படுக்கப் போகுமுன் குளித்துவிட்டு, துடைத்தும் துடைக்காமலும், உடம்பில் ஈரம் இருக்கும்போதே தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். எண்ணெயில் கொஞ்சம் தேன்மெழுகை உருக்கிச் சேர்த்திருப்போம். தோல் காய்ந்த பிறகு தடவினால் பிசுபிசுப்புதான் மிச்சம். ஈரத்தின் மேல் தடவினால் அந்த ஈரம் விடியும்வரை உள்ளேயே தங்கும். அதற்கு மேல் அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு அம்மா படுப்பாள்.

அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். காத்தோங் தென்னந்தோப்புகளுக்குச் சவாரி போனால், வரும்போது எண்ணெய் வாங்கி வருவார். சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகைகளை ஒட்டி எங்களுக்கு ஒரே அறை. நடுவில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டியிருந்தோம். கை, கால், முகமெல்லாம் அம்மா தானே தடவிக்கொள்வாள். எட்டாத முதுகு அப்பாவின் வேலை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டல் கேட்கும்.

"சீக்கிரம் போடுங்க, காயுது."

"என் மாட்டக்கூட நான் இப்படி விரட்டுறதில்ல," என்பார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவரும் கொஞ்சிப் பேசி நான் கேட்டதே இல்லை. இதுதான் அவர்கள் கொஞ்சல் என்று புரிய எனக்கும் கல்யாணமாக வேண்டியிருந்தது.

எனக்குப் பதினான்கு வயதானபோது அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவரைக் கொண்டுபோய்விட்டுத்தான் அது ஓய்ந்தது.

கருமாதி வரை தீட்டு. உடம்பில் எண்ணெய் படக்கூடாது. சொந்தக்காரப் பெண்கள் வந்து அறையை அடைத்துக்கொண்டார்கள். அம்மாவை வெறும் பலகைத் தரையில் படுக்க வைத்தார்கள். அம்மா அழவில்லை. முதலில் அதைப் பற்றி முணுமுணுத்தார்கள். பிறகு அவள் ராத்திரியெல்லாம் படுக்க முடியாமல் புரள்வதைப் பார்த்துவிட்டு உருகிப்போனார்கள்.

"வாய்விட்டு அழாட்டியும் மனசு எப்படித் துடிக்குது பாரு," என்றாள் ஒருத்தி. "புருஷன் மேல பாசம்னா இதுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் புடவையில் முதுகுப் பக்கம் ரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. அது இவர்கள் கண்ணில் படவில்லை, பாசம் மட்டும் பட்டுவிட்டது. அப்பாவின் அக்காவிடம் போனேன்.

"அத்தை, அம்மா முதுகு வெடிச்சிருக்கு. கொஞ்சமா எண்ணெய் போடட்டுமா?"

"தீட்டு வீட்டுல எண்ணெயா? உங்கப்பன் போயி சூடுகூட ஆறலடி."

அத்தை கெட்டவள் இல்லை. தம்பியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா என்னைப் பார்த்து, சும்மா இரு என்று கண்ணாலேயே அடக்கினாள். இனி இவர்கள் தயவில்தான் நாங்கள் இந்த ஊரில் காலந்தள்ள வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது தெரியாததால் கோபம் மட்டும் இருந்தது.

கருமாதி முடிந்தது. சாப்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் கிளம்பிப் போனார்கள். அன்று ராத்திரி அம்மா குளித்துவிட்டு வந்தாள். நான் எண்ணெயையும் மெழுகையும் உருக்கி வைத்திருந்தேன். கைக்கும் காலுக்கும் அவளே தடவிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, வேட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

நான் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முதுகு நெடுகத் தோல் பிளந்திருந்தது. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, மெதுவாக வைத்தேன். அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட்டது.

"வலிக்குதாம்மா?"

"இல்ல." வேட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "வேற கையா இருக்குடி."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். பாடையைத் தூக்கியபோதும் வராத அழுகை. பக்கத்து அறையில் விளக்கேற்றிவிட்டு, யாரோ பலகைச் சுவரருகே வந்து நின்றார்கள். அம்மா நிறுத்தவில்லை. எனக்கும் அழுகை வந்தது.

அவளுக்கு வேண்டியிருந்த கை என்னிடம் இல்லை. இருந்த கையால் தடவினேன்.