ஓவியருக்கு ஒரு சொல்

அச்சகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். ஆங்கில அகராதியை மடியிலேயே வைத்துக்கொண்டு பிழை திருத்துவதால் பாதி. யார் சொன்னாலும் லேசில் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பதால் மீதி. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ சொற்களைத் திருத்தியிருக்கிறாள். தானாக ஒன்றைச் சேர்த்ததில்லை.

அந்த வாரம் வந்தது பெரியவர் ஒருவரின் ஓவியக் கண்காட்சிக்கான ஆங்கிலப் புத்தகம். எண்பத்திரண்டு வயது ஓவியர். ஊரே கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர். முதல் பக்கத்தில் அவர் பெயருக்கு முன்னால் ‘லெஜண்டரி’ என்று இருந்தது. போன மாதம் ஒரு குக்கர் விளம்பரத்திலும் இதே சொல்தான். அவளுக்குக் கை ஓடவில்லை. கண்காட்சி நடத்தும் காட்சிக்கூடத்தின் மேலாளருக்குப் போன் போட்டாள்.

“லெஜண்டரி போட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கம்மா.”

“அதான் சார் எனக்கு இடிக்குது.”

“அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்க. பெரியவர் கையெழுத்துப் போட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல.”

வசமாக மாட்டிக்கொண்டாள். ‘கிரேட்’ தேய்ந்துபோன செருப்பு. வணக்கத்துக்குரிய என்கிற ‘வெனரபிள்’ என்றால் கைத்தடிதான் கண்ணில் நிற்கிறது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தும் ஒன்றும் அமையாமல், பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. கூடத்தில் பெரியவர், சட்டம் போட்டுத் தயாராக இருந்த படத்தில் நீலம் பூசிக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் கண்காட்சிக்குப் போற படம்மா அது. இப்பப் போய் மாத்துறார்,” என்று அந்த அம்மாள் அலுத்துக்கொண்டார். “வித்த படத்தைக்கூட வாங்கினவங்க வீட்டுக்குப் போய்த் திருத்திட்டு வந்தவர். ஒரு நாள், ஒரு நாளாவது அடங்கி உக்காந்ததில்ல.”

அவளுக்குப் பொறி தட்டியது. ‘லெஜண்டரி’யை அடித்துவிட்டு, மேலே ‘ரெஸ்ட்லெஸ்’ என்று எழுதி நீட்டினாள். பெரியவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தார். வம்பை விலைக்கு வாங்கிவிட்டோமோ என்று நினைத்தாள்.

“யார் சொன்னது இதை?”

“அம்மா சொன்னதுதாங்க ஐயா. நான் இங்கிலீஷ்ல எழுதினேன், அவ்வளவுதான்.”

“நாப்பத்தஞ்சு வருஷமா சொல்றேன், காதுலயே ஏறல,” என்றார் மனைவி.

பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். “இருக்கட்டும்மா. இது செத்தவனைப் பத்திச் சொல்ற மாதிரி இல்ல.” நீலக் கறையோடு கையெழுத்தும் விழுந்தது.

திறப்பு விழாவில், அந்தச் சொல்லைத் தானே கண்டுபிடித்ததுபோல மேலாளர் மேடையில் விளக்கு விளக்கென்று விளக்கினார். கடைசி வரிசையில் அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி குனிந்து, “பேசட்டும் விடு. நீயும் நானும் செஞ்ச வேலைன்னு நமக்குத் தெரியாதா?” என்றார்.

இருவரும் கடைசிவரை இருந்து, கூட்டம் குறைந்த பிறகு படங்களைப் பார்க்கப் போனார்கள்.